5 அடி ஸ்லாஷர்: கத்தி, தட்டு, ஆயில் சீல் கழற்ற எந்த வரிசையில் போகணும்?

மாந்தோப்பு_நத்தம்
டிராக்டர் பின்னால் மாட்டும் 5 அடி ஸ்லாஷர் (ரோட்டரி மோவர், புல் வெட்டும் மெஷின்). 45 எச்.பி. டிராக்டர், பி.டி.ஓ. (மெஷினைச் சுழற்ற டிராக்டர் பின்னால் இருக்கும் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்று. ஒரே கியர் பாக்ஸ், அதன் அடியில் வட்டத் தட்டு, தட்டில் எதிரெதிரே 2 கத்தி. கியர் பாக்ஸ் அடியில் ஆயில் சொட்டுது, தட்டு முழுக்க ஆயிலும் மண்ணும் அப்பிக் கிடக்கு. அதிர்வும் கூடியிருக்கு. கத்தி நுனி இரண்டும் உருண்டு போச்சு.

கத்தி, தட்டு, சீல் (ஷாஃப்டைச் சுற்றி ஆயில் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் உதடு வளையம்) மூணையும் ஒரே மூச்சில் கழற்றிப் பார்க்கணும். தட்டின் நடு நட்டு அசையவே மாட்டேங்குது. புல்லர் (திருகு இறுக்கி இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாமல் சம்மட்டியால் தட்டினால் தட்டு இறங்கிடுமா? சீல் நம்பர் தெரியாது, கடையில் என்ன சொல்லிக் கேட்கறது?

லேத்_பட்டறை
சம்மட்டியைத் தள்ளி வைங்க. தட்டு உட்கார்ந்திருக்கும் ஷாஃப்டை மேலும் கீழுமாக இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் தாங்குது. நீங்க ஷாஃப்ட் நுனியில் போடும் ஒவ்வொரு அடியும் அந்த ரோலர்களை ரேஸில் (ரோலர் ஓடும் வளையத்தில்) குத்தும். தட்டு இறங்கிடும், சீலும் மாத்திடுவீங்க. ஆனால் ரேஸில் விழுந்த பள்ளம் அடுத்த சீசனில் 'கர்ர்' என்று பேசும்.

கழற்றும் வரிசை இதுதான்: பி.டி.ஓ. ஷாஃப்ட், கத்திகள், நடு நட்டு, தட்டு, கடைசியில் சீல். கீழ் சீலுக்காக மட்டும் கியர் பாக்ஸை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. தட்டு வந்துவிட்டால் சீல் முகத்துக்கு நேராகத் தெரியும்.

அதற்கு முன்னால் ஒன்று. ஹைட்ராலிக்கில் தூக்கி வைத்துவிட்டு அடியில் படுக்கக் கூடாது. லீவரில் ஒரு கை பட்டால், ஒரு ரப்பர் ஓ-ரிங் போனால், சில நூறு கிலோ இரும்பு நெஞ்சில் இறங்கும். நாலு மூலையிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டை அடுக்கி, அதன்மேல் இறக்கி வைச்சு, டிராக்டர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்ட பிறகுதான் கை உள்ளே போகணும். ஹாலோ பிளாக் அடுக்காதீங்க, சொல்லாமல் உடையும்.

தென்னை_ஆனைமலை
கத்தி பற்றி. கத்தி போல்ட் கீழிருந்து மேலே போயிருக்கும், நட்டு தட்டின் மேல்பக்கம். மேல் தகட்டில் (டெக்) கை நுழையும் அளவு ஒரு ஓட்டை, அல்லது இரண்டு போல்டில் மூடிய ஒரு சின்ன மூடி இருக்கும். தட்டைக் கையால் சுற்றி நட்டை அந்த ஓட்டைக்கு நேராகக் கொண்டுவந்து மேலிருந்தே பாக்ஸ் ஸ்பேனர் போடலாம். கீழே போய்க் குனிந்து மல்லுக்கட்ட வேண்டாம்.

எம்30 போல்ட் என்றால் 46 மி.மீ. பாக்ஸ், எம்24 என்றால் 36 மி.மீ. பாக்ஸ். அரை இஞ்ச் ராட்செட் உடைஞ்சு போகும், முக்கால் இஞ்ச் கைப்பிடி வேணும். தட்டு கூடவே சுத்தாமல் இருக்க, கத்திக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகிக்கோங்க.

நட்டு கடைசி இழைக்கு வரும்போது கீழே கத்திக்கு ஒரு முட்டு கொடுங்க. போல்டும் கத்தியும் சேர்ந்தே விழும். கால் விரலுக்குத் தெரியும் அதன் எடை.

கழற்றின போல்டைத் துடைச்சு, கத்தி உரசின கழுத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் படியில் தட்டினால் போல்ட் முடிஞ்சுது. கத்தியின் ஓட்டையும் முட்டை வடிவமாக நீண்டிருக்கும். அதிர்வுக்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடைச்சிடும்.

புதியவன்_ஓட்டன்சத்திரம்
இடையில் ஒரு கேள்விங்க. கத்தி தட்டில் லூசாக ஆடணுமா, இறுக்கமாக இருக்கணுமா? எங்க மெக்கானிக் ஆடக்கூடாதுன்னு இறுக்கி, நட்டுக்கு வெல்டிங் வைச்சு விட்டார்.

தென்னை_ஆனைமலை
கட்டாயம் ஆடணும். தட்டு நிற்கும்போது கத்தி போல்டைச் சுற்றித் தாராளமாகத் திரும்பணும். ஓடும்போது சுழற்சி விசையே அதை வெளியே இழுத்து நேராக நிறுத்தும். கல்லோ தென்னை அடிக்கட்டையோ மோதினால் கத்தி பின்னால் மடங்கி, அடியைத் தானே வாங்கிக்கும். இறுகிப் பிடிச்ச கத்தி அந்த அடியை நேராகக் கியர் பல்லுக்கு அனுப்பும்.

நட்டு இறுகுவது போல்டின் கழுத்துப் படியிலோ, போல்டைத் திரும்பாமல் பிடிக்கும் சாவித் தகட்டின் படியிலோ. அது கத்தியை நசுக்காது. அதனால் முழு டார்க்கும் கொடுத்த பிறகும் கத்தி ஆடும். ஆடலைன்னா உள்ளே மண்ணும் துருவும் கட்டியிருக்கு, இல்லை தப்பான போல்ட் போட்டிருக்கு.

வெல்டிங் வைச்ச நட்டை கிரைண்டரில் வெட்டி எடுத்து, புது போல்டும் புது லாக் நட்டும் போடுங்க. வெல்டிங் சூட்டில் போல்டின் பலம் போயிருக்கும். அது முறிஞ்சால் கத்தி டெக்கைவிட்டுப் பறக்கும்.

கியர்_90
அது எவ்வளவு வேகத்தில் பறக்கும் என்று ஒரு சின்னக் கணக்கு. இந்த மாதிரி கியர் பாக்ஸில் வேகம் குறையாது, கூடும். 1:1.93 விகிதம் பரவலாக இருக்கிறது. 540-ஐ 1.93-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 1,042 சுற்று. 5 அடி வெட்டு அகலம் என்றால் ஆரம் 0.76 மீட்டர். கத்தி நுனி விநாடிக்கு 83 மீட்டர் போகிறது, மணிக்கு 300 கி.மீ.க்கு ஒட்டி.

அதே கணக்கில் அதிர்வையும் பார்க்கலாம். இரண்டு கத்திக்கும் எடை வித்தியாசம் 50 கிராம், அது நடுவிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றும்போது அந்த 50 கிராம் சுமார் 36 கிலோ விசையாகி ஷாஃப்டை ஒரு பக்கம் இழுக்கும், நிமிடத்துக்கு ஆயிரம் முறை திசை மாற்றி மாற்றி. சீல் உதடு எப்படித் தாங்கும்? கத்தியை ஒற்றையாக மாற்றாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். ஜோடியாக மாற்றுங்கள், மாட்டும் முன் மளிகைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

லேத்_பட்டறை
நடு நட்டுக்கு வருவோம். அது பெரும்பாலும் காடி வெட்டிய நட்டு, குறுக்கே ஸ்பிலிட் பின் போயிருக்கும். மண்ணுக்கு அடியில் பின் கண்ணுக்கே தெரியாது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சுப் பாருங்க. பின்னை எடுக்காமல் 4 அடி பைப் போட்டு இழுத்துட்டு 'அசையலை' என்று சொல்றவங்கதான் அதிகம்.

பின் எடுத்த பிறகும் வரலைன்னா, டீசலும் ஆயிலும் கலந்தோ, துரு இளக்கி ஸ்பிரேயோ அடிச்சு ஒரு ராத்திரி விடுங்க. மறுநாள் நட்டின் பக்கவாட்டு முகங்களில் சின்னச் சுத்தியால் நாலு தட்டு. பக்கவாட்டில் மட்டும்தான், ஷாஃப்ட் நுனியில் இல்லை. அப்புறம் பைப். இம்பாக்ட் கன் கிடைச்சால் வேலை சுலபம். அதிலும் வரலைன்னாதான் நட்டுக்கு மட்டும் சூடு. சீல் எப்படியும் போகப் போவது, அதனால் சூட்டுக்குப் பயமில்லை. ஆனால் ஒழுகின ஆயிலையும் காய்ந்த புல்லையும் முழுசாகத் துடைச்சுட்டுத்தான் கேஸ் பத்த வைக்கணும்.

நட்டு இளகினதும் முழுசாகக் கழற்றிடாதீங்க. நாலைந்து இழையில் விட்டு வைங்க. தட்டு சட்டென்று விடும்போது அந்த நட்டுதான் தாங்கிப் பிடிக்கும். தட்டும் அதன் ஹப்பும் (ஷாஃப்டில் உட்காரும் நடுக் குடம்) சேர்ந்து தனி ஆள் தாங்கும் எடை இல்லை.

இப்போ புல்லர். மூணு கால் புல்லர் வாடகைக்குக் கிடைக்கும். இல்லைன்னா 20 மி.மீ. கனப் பட்டையில் நடுவில் ஒரு போல்ட், இரு ஓரத்தில் இரண்டு ஓட்டை போட்டு, கத்தி போல்ட் ஓட்டைகளில் நீள போல்ட் மாட்டி இழுக்கலாம். எந்த லேத்திலும் ஒரு மணி நேர வேலை. புல்லர் திருகை நல்லா இறுக்கிட்டு, திருகின் தலையில் ஒரே ஒரு அடி. விடலையா? இன்னொரு கால் சுற்று இறுக்கி, இன்னொரு அடி. இழுவிசையில் இருக்கும்போது ஒரு சின்ன அதிர்ச்சி போதும், கூம்பாக இறுகின டேப்பர் 'டக்' என்று விடும். அந்தச் சத்தம் வந்ததும் நிறுத்துங்க.

மாந்தோப்பு_நத்தம்
நன்றிங்க அண்ணா. பின் இருந்துச்சு, நீங்க சொன்ன மாதிரியே மண்ணுக்குள்ள. பட்டைப் புல்லரில் தட்டு வந்திடுச்சு. ஷாஃப்டைச் சுற்றி ஒரு கை கனத்துக்குச் சொட்டுநீர்க் குழாயும் நைலான் கயிறும் சுத்தியிருக்கு. வெட்டி எடுத்தால் சீலின் உதடே காணோம். சீலில் மூணு எண் தெரியுது. இதுவா காரணம்?

தென்னை_ஆனைமலை
இதேதான். 16 மி.மீ. லேட்டரல் குழாய் ஒரு சுற்று சுத்தினால் போதும். உரசலில் உருகி, சீலுக்கும் ஹப்புக்கும் நடுவில் ஆப்பு மாதிரி மேலே ஏறும். நைலான் கயிறு அதைவிட மோசம், ஆட்டுக்குக் கட்டி மறந்துட்டுப் போன கயிறு சீலை அறுத்துட்டு பேரிங் வரைக்கும் போகும். தோப்பில் இறங்கும் முன்னாடி லேட்டரலைச் சுருட்டி மரத்தடியில் வைக்கணும். வேலை முடிஞ்ச அன்னைக்கே அடியில் பார்த்து வெட்டி எடுக்கணும். இன்னைக்கு வெட்டினால் கத்தரிக்கோல் வேலை, ஒரு மாசம் கழிச்சு வெட்டினால் கேஸ் வேலை.

கியர்_90
கயிறு ஒரு காரணம். மாட்டும் முன் இன்னொன்றையும் பாருங்கள். கியர் பாக்ஸ் தலையில் காற்றுப் போக்கி இருக்கும், ஓட்டை உள்ள ஒரு பிளக். மண்ணும் பழைய கிரீஸும் அதை அடைத்தால், ஓடிச் சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் பலவீனமான சீல் வழியே வெளியே வரும். புது சீல் போட்டும் பத்து நாளில் ஒழுகுகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பிளக்கை. டீசலில் கழுவி, வாயால் ஊதிப் பாருங்கள். சிலர் 'தண்ணீர் போகுது' என்று அங்கே சாதாரண போல்டைப் போட்டு அடைத்திருப்பார்கள்.

லேத்_பட்டறை
அந்த மூணு எண்: ஷாஃப்ட் விட்டம், உட்காரும் குழியின் விட்டம், கனம், எல்லாம் மி.மீ.யில். கடையில் அந்த மூணையும் சொன்னால் போதும், மெஷின் பெயரே வேண்டாம். எண் அழிஞ்சிருந்தால் வெர்னியர் வைச்சு ஷாஃப்டையும் குழியையும் அளந்துக்கோங்க. பழைய சீலையே அளந்தால் உப்பியிருக்கும், தப்பாகும். வெளியே தூசி உதடும் சேர்த்து இரட்டை உதடு சீலாகக் கேளுங்க. நீங்க ஓட்டுவது மண்ணுக்குள்.

பழைய சீலை நெம்பும்போது ஸ்க்ரூ டிரைவர் ஷாஃப்டைக் கீறக்கூடாது. சீலின் தகட்டில் இரண்டு சின்ன ஓட்டை போட்டு, தகடு ஸ்க்ரூவை முடுக்கி, ஸ்க்ரூவைப் பிடிச்சு இழுத்தால் சுத்தமாக வரும். அந்த நேரம் மிச்ச ஆயில் எல்லாம் கொட்டும், அடியில் பழைய பேசின் வைங்க. நிறைய மாடலில் தனி வடிகால் பிளக்கே கிடையாது.

கொட்டின ஆயிலையும் பாருங்க. பால் கலந்த டீ நிறம் என்றால் தண்ணீர் போயிருக்கு. மினுமினுப்பாகத் தூள் என்றால் சாதாரண தேய்மானம். நகத்தில் நிற்கும் அளவு சில்லு இருந்தால் பாக்ஸைப் பிரிக்காமல் மூடாதீங்க. பிரிச்சால், இரு பக்கத்து ஷிம்களையும் வெவ்வேறு டப்பாவில் போடுங்க. பல் இடைவெளியும் பேரிங் இறுக்கமும் அந்த மெல்லிய தகடுகளில்தான் இருக்கு.

மாந்தோப்பு_நத்தம்
சில்லு இல்லை. ஆனால் ஷாஃப்டில் சீல் ஓடின இடத்தில் ஒரு வளையப் பள்ளம், நகம் நிக்குது. ஷாஃப்ட் மாத்தணுமா?

லேத்_பட்டறை
மாத்த வேண்டாம். லேசான பள்ளம்னா புது சீலைப் பழைய இடத்தைவிட 2, 3 மி.மீ. தள்ளி உட்கார வைங்க; உதடு வழவழப்பான இடத்தில் ஓடும். குழியில் இடம் இல்லைன்னா ஷாஃப்ட் மேல் ஏற்றும் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் கிடைக்கும், அதே சீல் அளவே போதும். வெல்டிங் வைச்சுக் கடைசல் பிடிக்கிற யோசனை மட்டும் வேண்டாம், ஷாஃப்ட் கோணிடும்.

மாட்டும்போது ஸ்ப்லைன் பல்லுக்கு மேல் டேப்போ தடிப் பிளாஸ்டிக் கவரோ சுத்திட்டு, உதட்டில் கிரீஸ் தடவி ஏற்றுங்க. ஸ்ப்ரிங் உள்ள பக்கம் ஆயிலைப் பார்க்கணும். சீலின் வெளி விட்டத்துக்குச் சமமான பைப் துண்டை வைச்சு, சுற்றிலும் சமமாகத் தட்டுங்க. ஒரு பக்கம் மட்டும் தட்டிச் சாய்ச்சு இறக்கின சீல் முதல் நாளே ஒழுகும்.

விவசாயி_உடுமலை
இவ்வளவு வேலை எதுக்குங்க? ஒழுகும் பாக்ஸில் ஆயிலுக்குப் பதில் கிரீஸ் அடைச்சு விட்டால் ஒழுகவே ஒழுகாது. எங்க பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டறாங்க.

கியர்_90
ஒழுகாது என்பது உண்மை. கியருக்கும் போய்ச் சேராது என்பதும் உண்மை. வீல் பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸில் பற்கள் ஒருமுறை சுற்றிக் குகை மாதிரி வழி வெட்டிக்கொள்ளும். அதன் பிறகு கிரீஸ் சுவரில் ஒட்டி நிற்கும், பல் வெறுமனே ஓடும். செங்குத்தாக இருக்கும் ஷாஃப்டின் மேல் பேரிங் ஆயில் தெறிப்பை மட்டும் நம்பி இருக்கிறது. கிரீஸ் தெறிக்காது. முதலில் போவது அந்தப் பேரிங்தான், சத்தம் வரும்போது பல்லும் போயிருக்கும்.

சீசன் நடுவில் நிறுத்தவே முடியாது என்றால், கூழ் மாதிரி வழியும் 00 எண் கிரீஸ் ஊற்றி அந்த வாரத்தை ஓட்டலாம். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

விவசாயி_உடுமலை
சரிங்க, 00 வேற, கெட்டி வேறன்னு தெரியாது. அப்போ ஆயில் எது, எவ்வளவு?

கியர்_90
80டபிள்யூ-90 அல்லது இ.பி. 90 கியர் ஆயில். அளவை லிட்டரில் கேட்காதீர்கள், பாக்ஸுக்குப் பாக்ஸ் மாறும். மெஷினைச் சமதளத்தில் வைத்து, பாக்ஸின் பக்கவாட்டுப் பிளக்கைத் திறந்து, மேலிருந்து ஊற்றுங்கள். பக்க ஓட்டையில் வழிய ஆரம்பித்ததும் நிறுத்தி, பத்து நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். கெட்டி ஆயில் பேரிங்குக்குள் இறங்க நேரம் எடுக்கும். வாய் வரை நிரப்பினால் சூட்டில் விரிந்து புது சீலைத்தான் தள்ளும்.

தென்னை_ஆனைமலை
திரும்ப மாட்டும் இறுக்கம். நடு நட்டு, கத்தி நட்டு இரண்டுக்கும் இந்த அளவு மெஷின்கள் பலவற்றில் 450 அடி-பவுண்டு, அதாவது சுமார் 610 நியூட்டன் மீட்டர் கொடுத்திருக்காங்க. உங்க கையேட்டில் வேற எண் இருந்தால் அதுதான் சட்டம். அவ்வளவு பெரிய டார்க் ரெஞ்ச் கிராமத்தில் எங்கே போறது? 4 அடி பைப்பைக் கிடைமட்டமாக வைச்சு, நுனியில் 50 கிலோ எடை செங்குத்தாக இறங்கினால் 600 நியூட்டன் மீட்டர் வரும். பைப்பின் நீளத்தை நட்டின் நடுவிலிருந்து அளக்கணும். பைப் சாய்ஞ்சிருந்தால் கணக்கு தப்பும். எடையை மெதுவாக இறக்கணும், குதிக்கக்கூடாது.

டேப்பர் ஹப்பாக இருந்தால் ஒரு தடவை இறுக்கினது போதாது. இறுக்கிட்டு, ஹப்பின் மேல் மரக்கட்டை வைச்சு இரண்டு பக்கமும் நல்லா தட்டி உட்கார வைச்சு, மறுபடி இறுக்குங்க. (சம்மட்டிக்கு இங்கேதான் வேலை.) பின் ஓட்டை நேர் வரலைன்னா நட்டை முன்னால் இறுக்கித்தான் நேராக்கணும், பின்னால் தளர்த்தக்கூடாது. முதல் நாள் வேலை முடிஞ்சதும் மறுபடி ஒரு தடவை சரிபாருங்க.

கத்திக்குச் சாணை: மேல்பக்கம் மட்டும், பழைய சரிவு எவ்வளவோ அவ்வளவே. சவரக் கத்தி மாதிரி கூர் வேண்டாம், விளிம்பில் 1.5 மி.மீ. மொட்டையாக விடுங்க. மெல்லிய விளிம்பு முதல் கல்லிலேயே மடங்கும். கிரைண்டர் வைக்கும்போது நீல நிறம் ஏறினால் அந்த இடம் பதம் போச்சு. அடிக்கடி தண்ணீரில் நனைங்க. கத்தியின் இறக்கை வளைவு மேல் நோக்கி, கூர் சுற்றும் திசை நோக்கி இருக்கணும். திருப்பி மாட்டிட்டு 'புல் வெட்டவே மாட்டேங்குது, நசுக்குது' என்று மெஷினைத் திட்டறவங்க உண்டு. டிராக்டரில் ரிவர்ஸ் பி.டி.ஓ. இருந்தால் லீவர் அந்தப் பக்கம் விழுந்திருக்கான்னும் பாருங்க; அதிலும் கத்தியின் மொட்டை முதுகுதான் புல்லில் மோதும்.

டீசல்_புகை
பி.டி.ஓ. ஷாஃப்டை யாரும் பேசலை. கழற்றிதானே வைச்சிருக்கீங்க, மூட்டில் சிலுவை மாதிரி இருக்கும் கிராஸின் நாலு கப்பையும் கையால் ஆட்டிப் பாருங்க. சர்க்ளிப் (கப்பைப் பிடிக்கும் ஸ்ப்ரிங் வளையம்) எடுத்து மாத்தும்போது ஒரு ஊசி ரோலர் சரிஞ்சு கப்புக்கு அடியில் படுத்துடும், அப்போ சர்க்ளிப் காடியில் உட்காராது. அடிச்சு உட்கார வைக்காம வெளியே எடுத்து ரோலரை நிமிர்த்துங்க. இரண்டு குழாயையும் சேர்க்கும்போது உள்பக்க யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை) இரண்டும் ஒரே கோட்டில் இருக்கணும். ஒரு பல் மாறினால் அது தனி அதிர்வு. கத்தி மாத்தியும் அதிர்வு போகலைன்னு புலம்புவீங்க.

அடுத்து ஷியர் போல்ட், சுமை கூடினால் தானே அறுந்து கியரைக் காக்கும் போல்ட். கையேட்டில் சொன்ன மென்மையான போல்ட் மட்டும். அடிக்கடி அறுகுதுன்னு 10.9 தரக் கெட்டி போல்ட் போட்டால் போல்ட் அறுகாது, பல் அறுகும்.

புதியவன்_ஓட்டன்சத்திரம்
எங்க மெஷினில் ஷியர் போல்ட் இல்லீங்க, ஸ்ப்ரிங் வைச்ச தட்டு கிளட்ச் இருக்கு. அதுக்கு ஏதாவது பண்ணணுமா?

டீசல்_புகை
மழைக்காலம் முழுக்க நின்ன மெஷினில் அந்தத் தட்டுகள் துருப்பிடிச்சு ஒட்டிக்கும். அப்புறம் அது கிளட்ச் இல்லை, வெறும் இரும்பு உருளை. ஸ்ப்ரிங் நீளத்தை அளந்து எழுதி வைச்சுட்டு, எல்லா நட்டையும் சமமாகக் கொஞ்சம் தளர்த்துங்க. தட்டு விளிம்புகளின் குறுக்கே சாக்பீஸில் ஒரு கோடு போடுங்க. ஆள் எல்லாம் விலகினப்புறம் பி.டி.ஓ.வை இரண்டு மூணு விநாடி மட்டும் போட்டு நிறுத்துங்க. எல்லாம் முழுசா நின்னப்புறம் இறங்கிப் பாருங்க. கோடு விலகியிருந்தால் வழுக்குது, நல்லது. பழைய நீளத்துக்கே இறுக்குங்க. கோடு அப்படியே இருந்தால் கழற்றி, துருவை உப்புத்தாள் போட்டு எடுக்கணும். உராய்வுத் தட்டு புதுசில் 3 மி.மீ. அளவு இருக்கும், பாதியாகிட்டால் மாத்துங்க. எண்ணெய் பட்டாலும் அது வீண்.

மாந்தோப்பு_நத்தம்
சீல், கத்தி ஜோடி, கத்தி போல்ட், லாக் நட்டு எழுதிக்கிட்டேன். காற்றுப் போக்கியைக் கழற்றினேன், அதில் சாதா போல்ட்தான் இருக்கு. அந்த இழைக்குப் பிளக் தனியா கிடைக்குமா?

லேத்_பட்டறை
கிடைக்கும். போல்டைக் கையில் கொண்டு போங்க, அதே இழைக்குப் போக்கி பிளக் தருவாங்க. கிடைக்காத ஊரில் அந்தப் போல்டின் நுனியிலிருந்து தலைக்குள் வரை நடுவில் 3 மி.மீ. ஓட்டை, தலையின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை போட்டு இரண்டையும் சந்திக்க வைச்சால் மழைத் தண்ணீர் நேராக இறங்காது. ஓட்டை போட்டதும் உள்ளே இரும்புத்தூள் இல்லாமல் ஊதிட்டு மாட்டுங்க.

மாந்தோப்பு_நத்தம்
சரிங்க அண்ணா, நாளைக்குக் காலையில் போல்டோட கடைக்குப் போறேன்.